மூணு மணி, தூக்கு

மாரிகொண்டாவில் இருபது வருஷத்துக்கு மேலாக மூடிக் கிடந்த தங்கச் சுரங்கத்தின் நாலாம் நம்பர் வாயிலிருந்து, தை மாசத்து ஒரு புதன்கிழமை, மத்தியானம் ரெண்டு இருபதுக்கு, மூணு மணி அடித்தது. கடிகாரத்து மூணு மணி இல்லை. அப்படி நினைக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். மாரிகொண்டாவில் மணி என்றால் கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனுக்குச் சொல்லி அனுப்புகிற சேதி, ஒன்று அடித்தால் நிறுத்து, ரெண்டு அடித்தால் இறக்கு, மூணு அடித்தால் கூண்டுக்குள்ளே ஏறியிருப்பது கல் இல்லை ஆள், பார்த்துத் தூக்கு. அ, ஆ தெரியாத பிள்ளைக்குக்கூட அந்த ஊரில் இது தெரியும். அதனால் டண், டண், டண் என்று பூமிக்குள்ளிருந்து கேட்டபோது யாரும் பேய் என்று ஓடவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்தவர்களும், குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் நின்றவர்களும், வெயிலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும், சொல்லிவைத்தாற்போல் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"ஆளு கீது."

சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில், ஐந்தாம் லைனில், ஜன்னலோரம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்த பௌலின் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ஐம்பத்து நாலு வயசு, ரெண்டு முட்டியிலும் வலி, இருபது வருஷம் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் கார்மெண்ட்ஸுக்குப் போய் வந்து சம்பாதித்த வலி. மூன்றாவது மணி காதில் விழுந்த அடுத்த நொடி, அந்த வலிக்கிற வலது கால், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், மிஷின் மிதியைத் தடதடவென்று மிதிக்க ஆரம்பித்தது. நீல டவுசரில் ஒரு முழத்துக்குக் கோணல் தையல் விழுந்தது. மூணு மணிக்கு அப்புறம் என்ன வர வேண்டும் என்று அந்தக் காலுக்குத் தெரியும். ஏனென்றால் அந்த மூணு மணியை அடித்தவளே அவள்தான், முப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னால், கம்பியில் தொங்கிய ஒரு துண்டுத் தண்டவாளத்தில்.

அது ஒரு காலம் என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே பௌலினுக்கு ஆகாது, ஆனால் இதை வேறு எப்படித்தான் சொல்வது? கில்பர்ட் என்று ஒரு பையன், அவனுடைய அத்தை லண்டனிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பழைய துணி மூட்டைக்குள் பேர் எழுதாத ஒரு கேசட் இருந்தது, போட்டார்கள், முதல் பாட்டு நாற்பது வினாடியில் முடிந்துவிட்டது. டேப்ரெகார்டரின் பெல்ட் போய்விட்டது, அதனால்தான் இந்த ஓட்டம் ஓடுகிறது என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கழற்றிப் பார்த்து மாட்டிவிட்டு, "மிஷினு சுத்தமா கீது, பாடுறவனுக்குத்தான் வலிப்பு," என்றார். அப்புறம் கில்பர்ட், சம்பங்கி, அமல்தாஸ், பௌலின் என்று நாலு பேரும் அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டார்கள். அதுக்குப் பேர் ஹார்ட்கோர் பங்க் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்கு அமல்தாஸ் சொன்னது இதுதான்: "டேய், இது நம்ம அண்டர்கிரவுண்டு சத்தம்டா. டிரில்லு போடுற சத்தம், வெடி வெக்கிற சத்தம், மேஸ்திரி கத்துற சத்தம். வெள்ளக்காரனுக்கு யார்ரா சொன்னது?"

அமல்தாஸ் காலை ஷிப்டுக்காரன், ஆறு மணிக்குக் கீழே போய் ரெண்டு மணிக்கு மேலே வருகிறவன். கில்பர்ட் கிடார், சம்பங்கி பேஸ் கிடார், பௌலின் டிரம்ஸ், அமல்தாஸ் தொண்டை. பாடுவான் என்று சொன்னால் பொய், தொண்டையைக் கிழிப்பான். சர்ச்சிலிருந்து துரத்தினார்கள், ஸ்டேடியத்திலிருந்து துரத்தினார்கள், லைன் வீட்டு ஜனங்கள் தண்ணீர் ஊற்றித் துரத்தினார்கள். கடைசியில் ஆள் இறங்குவது நின்றுபோய் காற்றுக்காக மட்டும் திறந்து கிடந்த நாலாம் நம்பர் சுரங்க வாயில்தான் இடம் கிடைத்தது. ரெண்டு மணிக்குச் சங்கு ஊதும், காவலாளிகள் அத்தனை பேரும் பெரிய கேட்டில் தொழிலாளிகளின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து திறந்து சோதனை போட்டுக்கொண்டிருப்பார்கள், அந்த நேரம் பார்த்து ரெண்டு இருபதுக்கு ஆரம்பிப்பார்கள். எந்தப் பாட்டானாலும் பௌலின் தண்டவாளத்தில் மூணு தட்டுத் தட்டுவாள், ஆள் ஏறியாச்சு என்று அர்த்தம், அப்புறம் நாலு பேரும் ஒன்றாகப் பாய்வார்கள். ஒரே ஒரு விஷயம்தான் விளங்காமல் இருந்தது. மூவாயிரம் அடிப் பள்ளத்தைப் பார்த்து அவ்வளவு கத்தியும் எதிரொலி வரவே இல்லை. அமல்தாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "கம்பெனி நம்ம சத்தத்தையும் வெட்டி எடுத்துகினு போச்சு, பௌலி," என்றான்.

அடுத்த வருஷம் கீழே பாறை வெடித்தது. அமல்தாஸோடு இன்னும் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள். பதினோரு நாள் தோண்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் தோண்டினால் தோண்டுகிறவனும் போவான் என்று அந்த மட்டத்தையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். ஒருத்தர் உடம்பும் மேலே வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் சுடுகாட்டிலும் ஒன்பது வெறும் பெட்டிகளுக்குக் காரியம் நடந்தது. சுரங்கத்துக்குக் கீழே எல்லா வழியும் எல்லா வழியோடும் சேரும் என்பதால், அங்கே மாட்டியவர்கள் சுற்றிக்கொண்டு நாலாம் நம்பருக்கு வந்திருக்கலாம் என்று ஊர் ஒரே நாளில் முடிவு கட்டியது. முப்பத்து சொச்ச வருஷம் ஆச்சே என்று கேட்டவர்களிடம், "வழி தெரிய வேணாமா? கீழ இன்னா போர்டா வெச்சுகீறாங்க?" என்று கேட்டார்கள்.

மணி தினமும் அடித்தது. தினமும் ரெண்டு இருபதுக்கு. முதல் வாரம் வெறும் மணி. ரெண்டாவது வாரம் மணிக்குப் பின்னால் ஒரு தடதடப்பு, அதைப் பழைய தொழிலாளிகள் காதைச் சாய்த்துக் கேட்டு, டிரில்லிங் மிஷின்தான், கல்லை உடைத்து வழி பண்ணுகிறார்கள் என்றார்கள். மூன்றாவது வாரம் ஒரு குரல் வந்தது. கிழிந்த குரல், வார்த்தை பிடிபடாத குரல், ஆனால் நடுவில் ஒரு சொல் மட்டும் வெட்ட வெளிச்சமாகக் கேட்டது.

"தூக்கு! தூக்கு! தூக்கு!"

அதற்கப்புறம் மாரிகொண்டாவில் சந்தேகம் என்ற ஒன்று இல்லை. மூணு மணி அடித்து, தூக்கு என்று கத்தினால் வேறென்ன? பள்ளிக்கூடத்தில் மத்தியான மணியை நிறுத்திவிட்டு இந்த மணிக்கே பிள்ளைகளை வகுப்புக்குள் விட்டார்கள். சுரங்க வாயில் பந்தல் போட்டார்கள், பந்தல் இருந்ததால் டீக்கடை வந்தது, டீக்கடை இருந்ததால் எப்போதும் கூட்டம் இருந்தது. பாஸ்டர் ஒரு பக்கம் ஜெபம் வைத்தார், மாரியம்மன் கோயில் பூசாரி மறுபக்கம் கூழ் ஊற்றினார், கூழுக்கு ஜெபக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். கீழே இருப்பவர்களுக்கு ஊர் நிலவரம் தெரிய வேண்டும் என்று ஒருத்தர் மைக் வைத்துப் பள்ளத்துக்குள் சேதி வாசிக்கத் தொடங்கினார், யார் யார் வீட்டில் கல்யாணம், யார் யார் போய்ச் சேர்ந்தார்கள், தக்காளி என்ன விலை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதைச் சொல்லலாமா கூடாதா என்று மட்டும் ரெண்டு நாள் சண்டை நடந்து, மேலே வந்து சாப்பிட்டுவிட்டு நிதானமாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒன்பது பேரில் ஒருத்தர் பெண்டாட்டி மறுகல்யாணம் செய்துகொண்டவள், அவளுடைய ரெண்டாவது புருஷன், பாவம், ஒரு பெட்டியில் நாலு சட்டையை மடித்து வைத்துக்கொண்டு, "அண்ணன் வந்தா நான் ஒதுங்கிக்கிறேன்," என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மற்ற பெண்கள் தினமும் தலைக்குக் குளித்து, பூ வைக்கலாமா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்களில் முதலாவதாக வருகிறவள் வேதவல்லி, அமல்தாஸின் பெண்டாட்டி. ஒரு வருஷம் வாழ்ந்தவள், முப்பத்து ரெண்டு வருஷம் காத்தவள்.

பௌலினும் தினமும் போனாள். அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று பதில் வைத்திருந்தாள், அந்தப் பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, கேட்க நன்றாக இருந்தது. அவ்வளவுதான். தடதடவென்று வருகிறதே, அது அவள் கை. இருபத்தொரு வயசுக் கை, காஜா எடுக்காத கை, சூப்பர்வைசர் கடிகாரத்துக்குப் பயப்படாத கை, நாற்பது வினாடிக்குள் ஊரையே எரித்துவிடலாம் என்று நம்பிய கை. கூட்டத்தின் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று கேட்பாள், அழுகிறாள் என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் தோளைத் தட்டுவார்கள், அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். சம்பங்கி குடித்துச் செத்து ஏழு வருஷம். கில்பர்ட் ஆஸ்திரேலியாவில் இருந்தான், அவனுக்கு போன் போட்டு, ரிசீவருக்குள் அந்தத் தாளத்தை வாயாலேயே தட்டிக் காட்டினாள்.

"இன்னா அது?" என்றான் கில்பர்ட்.

"தூக்குடா. நம்ம பாட்டு."

"நாம பாட்டெல்லாம் போட்டமா? சும்மா கத்திகினு இருந்தோம். முட்டி எப்படி கீது உனக்கு?"

போனை வைத்த பிறகு அவளுக்குப் பயம் வந்தது. இந்த உலகத்தில் அந்தப் பாட்டைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் மிச்சம். ஊருக்குச் சொன்னால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள், பள்ளத்தை மூடிவிடுவார்கள், அப்புறம் அந்தக் கை எங்கே கிடைக்கும்?

மூடத்தான் போனார்கள். மாசி பிறந்ததும் ஆர்டர் வந்தது, பழைய சுரங்க வாய்கள் ஆபத்து, திங்கட்கிழமை மண் கொட்டி மேலே கான்கிரீட் போடப்படும் என்று பந்தல் காலிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் ஊர் கூடியது. அந்தக் காலத்தில் கூண்டை இறக்கி ஏற்றும் வைண்டர் மிஷினை ஓட்டிய பாக்கியநாதன், எழுபத்தெட்டு வயசு, எழுந்து நின்று, மூணு மணி அடித்தும் தூக்காத டிரைவர் என்ற பேரோடு தான் சாகத் தயாரில்லை என்றார். மிஷினுக்கு கிரீஸ் போட்டாச்சு, கரண்ட் பக்கத்து மில்லிலிருந்து இழுத்தாச்சு, கூண்டுக்குள் ஒருத்தர் இறங்கிப் பார்த்துக் கூட்டிவர வேண்டியதுதான். யார் இறங்குவது என்று கேட்டார்கள். வேதவல்லி கையைத் தூக்கினாள்.

மறுநாள் காலையில் அவள் பௌலின் வீட்டுக்கு வந்தாள், கையில் காக்கித் துணி.

"சட்ட ஒண்ணு தெச்சுக் குடு பௌலி. பொடவையோட எறங்கினா எங்கியாவது மாட்டிக்குமாம். ஞாயித்துக்கெயம ரெண்டு மணிக்குள்ள வேணும்."

பௌலின் டேப்பை எடுத்தாள். தோள் அளந்தாள், கை அளந்தாள். வேதவல்லிக்கு இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஒரு மாசமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று டேப்பே சொன்னது.

"வேதா, அந்த கயிறு எந்தக் காலத்துது தெரியுமா? நீ போவணுமா?"

"நான் போவாம? மத்தவ போனா அவன் மூஞ்சி தெரியுமா அவளுக்கு?" வேதவல்லி கையை அகட்டி நின்றபடியே சிரித்தாள். "உனுக்குத் தெரியாது பௌலி, உங்க கத்தல்தான் உனுக்குத் தெரியும், அவன் எப்டிப்பட்டவன்னு எனுக்குத்தான் தெரியும். கண்ணாலமாயி மூணா நாளு, ஒரு புதங்கெயம, மொதோ மொதோ நான் களி கிண்டி கருவாட்டுக் கொழம்பு வெச்சு தூக்குல போட்டுக் குடுத்தேன். அவன் போனப்பறம் மிச்சத்த வாயில வெக்கிறேன், உப்பே போடல! களியிலயும் போடல, கொழம்புலயும் போடல. நாளெல்லாம் அயுதுகினு குந்தினு கீறேன். சாயங்காலம் வரான், தூக்கு காலி. சொரண்டித் தின்னவன் மாதிரி பளபளன்னு காலி. எப்டி இருந்துச்சுன்னேன். நல்லா இருந்துச்சுன்னான். உப்புன்னு ஒரு வார்த்த சொல்லல. அந்த மாதிரி ஆளுக்கு நான் எறங்க மாட்டனா?"

இந்தக் கதையை மாரிகொண்டாவில் கேட்காதவர் இல்லை. வேதவல்லி கல்யாண வீட்டிலும் சொல்வாள், சாவு வீட்டிலும் சொல்வாள். பௌலின் டேப்பைச் சுருட்டினாள், தலையைக் குனிந்துகொண்டு அளவைச் சாக்குக்கட்டியால் தரையில் எழுதினாள், எழுதிய எண் அவளுக்கே தெரியவில்லை. அந்தப் புதன்கிழமை என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாட்டே அதுதான்.

சனிக்கிழமை சுரங்க வாய்க்குப் போய்க் கயிறைப் பார்த்தாள். பாக்கியநாதன் துடைத்துத் துடைத்துக் கறுப்பாக மினுக்கி வைத்திருந்த இரும்புக் கயிறு. கிரீஸை விரலால் வழித்துவிட்டு ஒரு புரியைக் கிள்ளினாள். முறுக்கு மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. அதைக் காட்டியதற்கு அவர், "ஒரு புரி போனா இன்னா, நூறு புரி கீதே," என்றார். அவருக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்றே பௌலினுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. அன்று ரெண்டு இருபதுக்கு அந்தச் சத்தத்தை அவள் கடைசி தடவையாகக் கேட்கிறவள்போல நின்று கேட்டாள். வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையை முடித்தாள். முடித்துவிட்டு, துடைப்பக் கட்டை ஒன்றை ரெண்டாக அறுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கே இருந்தது. ரெண்டு பத்துக்கு வேதவல்லி காக்கிச் சட்டையும், தலையில் அமல்தாஸின் பழைய ஹெல்மெட்டும், கையில் தூக்குமாகக் கூண்டின் ஓரத்தில் நின்றாள். மற்ற எட்டுப் பேருக்கும் அவரவர் வீட்டுப் பெண்கள் கொடுத்தனுப்பிய சாப்பாட்டு மூட்டைகள் கூண்டுக்குள்ளே ஏற்கெனவே ஏறியிருந்தன. பாக்கியநாதன் லீவரில் கை வைத்திருந்தார். அப்போது பௌலின் ஒரு நீலத் தண்ணீர் டிரம்மைக் காலால் உருட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் வந்தாள்.

"வேதா, எறங்காத. அது நானு."

"எது நீ?" என்றார் பாக்கியநாதன்.

"அந்த மூணு மணி. நான் அடிச்சது. தொண்ணித்தொண்ணுல, இதே எடத்துல. கீழ யாரும் இல்ல. அது எங்க பாட்டு, அன்னிக்கு வராத எதிரொலி இப்பத்தான் வருது."

சிரித்தார்கள். அப்புறம் திட்டினார்கள். வயசான காலத்தில் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது, அடுத்தவள் புருஷன் வருவது பொறுக்கவில்லை, அந்தக் காலத்திலேயே இவள் அவனோடு சுற்றினவள்தானே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார்கள். பௌலின் பழைய கம்பியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டின் பக்கம் டிரம்மைக் கவிழ்த்து வைத்தாள், முட்டி கடகடக்கக் குத்தவைத்து உட்கார்ந்தாள், கையை ஓங்கினாள். ரெண்டு இருபது ஆயிற்று.

டண், டண், டண். கீழே அடித்ததும் மேலே அடித்ததும் ஒரே அடியாக விழுந்தது, ரெண்டு சத்தம் என்று ஒருத்தராலும் பிரிக்க முடியவில்லை. பாய்ந்தாள். ஐம்பத்து நாலு வயசுக் கை இருபத்தொரு வயசுக் கையைத் துரத்திக்கொண்டு ஓடியது, மூச்சிரைத்தது, விடவில்லை. டிரில்லிங் மிஷின் என்று ஊர் ஒரு மாசம் நம்பிய அந்தத் தடதடப்பு முழுவதும் ஒரு பொம்பளையின் ரெண்டு துடைப்பக் கட்டையிலிருந்து வருவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கிழிந்த குரல் தூக்கு, தூக்கு என்றது. பௌலின் அடித்துக்கொண்டே கத்தினாள்:

"பாத்துக்கோங்க, இப்ப என் குச்சி கீழ வியும்!"

தன் கையில் இருந்ததை விட்டாள். கீழே, மூவாயிரம் அடிக்குக் கீழே, முப்பத்து மூணு வருஷத்துக்குக் கீழே, ஒரு குச்சி நழுவிக் கல்லில் டொக், டொக், டொக் என்று உருண்டது. தாளம் ஒரு நொடி தடுமாறியது. அந்த ஒரு நொடி இடைவெளியில், கத்திக்கொண்டிருந்தவன் கத்தலை விட்டுவிட்டுச் சிரித்தான். ஒரு மாசமாக அதைக் கல் சரிகிற சத்தம் என்று நினைத்திருந்தார்கள். இப்போது எல்லாருக்கும் அது சிரிப்பாகவே கேட்டது, மூக்கால் வருகிற, கேலியான, சின்னப் பையன் சிரிப்பு.

வேதவல்லி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும்.

நாற்பது வினாடி முடிந்தது. பாக்கியநாதன் லீவரிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பூ வைத்த பெண்களில் ஒருத்தி பூவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தான் கட்டிக் கொடுத்த மூட்டையைக் கூண்டுக்குள்ளிருந்து தேடி எடுத்தாள். பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள். பெட்டியோடு உட்கார்ந்திருந்த மனிதர் பெட்டியைத் திறக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார், அவள் அவருடைய பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பௌலினை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது அவளுக்கு.

கடைசியில் ரெண்டு பேரும்தான் மிச்சம். வேதவல்லி அவள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மொத நாளே தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"கேக்க நல்லா இருந்துச்சு, வேதா. எங் கையி அது. திரும்பக் கெடைக்காதுன்னு..." பௌலின் அழுதாள், மூக்கைக் காக்கித் துணியின் மிச்சத் துண்டில் துடைத்தாள். "என்ன செருப்பால அடி."

வேதவல்லி அடிக்கவில்லை. கையைப் பள்ளத்தின் பக்கம் நீட்டினாள்.

"தூக்கு தூக்குன்னு கத்துறானே. பாட்டுன்னா அதுக்கு அர்த்தம் இன்னா? எதத் தூக்கச் சொல்றான்?"

இங்கே பௌலின் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு. அவள் ஒரு மாசப் பொய்யில் களைத்துப்போயிருந்தாள்.

"தூக்கச் சொல்லல. சாப்பாட்டுத் தூக்கு. கேட்டுல காவக்காரன் தொறக்கச் சொல்லுவானே, அது. நீ சொல்ற அந்தப் புதங்கெயம காலையில அவன் உள்ள போறப்ப, இன்னாடா ஒளிச்சு வெச்சுகீறன்னு தடியால குத்திக் கிண்டினான் போல. அப்டியே மண்ணுல கொட்டிப்புட்டான். ஷிப்டு முடிஞ்சு அமல்தாஸு இங்க வந்து நின்னு இதக் கத்தினான். 'எம் பொண்டாட்டி கட்ன தூக்கு, கைய எடு, எம் பொண்டாட்டி கிண்டின களி, தடிய எடு, தூக்கு, தூக்கு, தூக்கு.' அவ்ளோதான் பாட்டு. ஒருக்காதான் பாடினான். அப்பறம் பாடவே மாட்டேன்னுட்டான்."

காற்று பந்தல் கீற்றைச் சலசலக்க வைத்தது. வேதவல்லி மடியில் இருந்த தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று.

"அப்ப... அன்னிக்கி அவன் சாப்புடவே இல்லியா?"

பௌலின் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"காலியா கொண்டாந்தானே. பளபளன்னு."

"இங்க கொழாயில கயுவினான். நான் பாத்தேன்."

வேதவல்லி அப்போதுதான் அழுதாள். வெறும் பெட்டியைப் புதைத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள் என்று, தூரத்தில் டீ பாய்லரை அணைத்துக்கொண்டிருந்தவர் பின்னால் சொன்னார். எட்டு மணி நேரம் கல்லுடைத்துவிட்டுப் பட்டினியோடு வந்து அவளுக்காகத் தொண்டையைக் கிழித்துவிட்டு, வீட்டுக்கு வந்து நல்லா இருந்துச்சு என்று சொன்னவனை அவளால் தாங்க முடியவில்லை. உப்பில்லாததைச் சாப்பிட்டவனோடு முப்பத்து மூணு வருஷம் வாழ்ந்துவிட்டாள், இந்தப் பட்டினிக்காரனோடு இனிமேல்தான் வாழ வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் மண் லாரிகள் வந்து வரிசையில் நின்றன. வேதவல்லி அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். அவள் கையில் அந்தப் பழைய தூக்கு, உள்ளே சுடச்சுடக் களி, மேலே கருவாட்டுக் குழம்பு, மூடியைச் சுற்றித் துணி. கிணற்றுக் கயிறு, கொடிக்கயிறு, கட்டில் கயிறு என்று ஊரிலிருந்த கயிறையெல்லாம் முடிந்து முடிந்து கொண்டுவந்திருந்தார்கள், பூ வைத்திருந்த பெண்கள்தான் முடிந்தவர்கள். தூக்கைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்துவிட்டு வேதவல்லி பௌலினைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடி."

பௌலினின் கை மூன்றுக்குத்தான் ஓங்கியது, பழக்கம் அப்படி. நிறுத்திக்கொண்டாள். ரெண்டு மட்டும் அடித்தாள். டண், டண். ரெண்டென்றால் இறக்கு. எங்கேயோ ஓரமாக நின்றிருந்த பாக்கியநாதனின் வலது கை, லீவர் இல்லாத வெறும் காற்றில், தானாக முன்னால் போனது. தூக்கு இறங்கியது, கயிறு இறங்கியது, முடிச்சு முடிச்சாக வேதவல்லியின் உள்ளங்கை வழியாக இறங்கியது, கடைசி முடிச்சு வந்ததும் அவள் விட்டுவிட்டாள். எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். விழுந்த சத்தம் வரவில்லை.

"வரும்," என்றாள் வேதவல்லி. "வர நாளாவும்."

அன்று ரெண்டு இருபதுக்கு லாரிச் சத்தம்தான் இருந்தது. பௌலின் வீட்டில் மிஷின் மிதியில் காலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள், கால் அசையவில்லை, பிறகு அவளே அதை அசைத்துத் தைக்க வேண்டியிருந்தது. பத்து நாளில் கான்கிரீட் காய்ந்தது. பள்ளிக்கூடத்தில் பழைய மணியை மறுபடி மாட்டினார்கள்.

வேதவல்லிக்கு மட்டும் ஒரு கவலை விடவில்லை. தூக்கை இறக்கும்போது அடித்த இந்த ரெண்டு மணியும், அந்த மூணு மணியைப் போலவே, முப்பது வருஷம் கழித்து ஒருநாள் கான்கிரீட்டைத் தாண்டி மேலே வரும், அப்போது தானும் இருக்கப்போவதில்லை, பௌலியும் இருக்கப்போவதில்லை, இந்த ஊர் ஜனங்களைப் பற்றி அவளுக்குத் தெரியும், இறக்கு என்று மணி கேட்டால் எவனாவது ஒருத்தன் இடித்துவிட்டு இறங்கிவிடுவான். ஒருநாள் காலையில் பௌலினைக் கூட்டிக்கொண்டு பெயின்ட் டப்பாவோடு போனாள். வேதவல்லி சொல்லச் சொல்ல, வலிக்கிற முட்டியை மடக்கி, பௌலின் அந்தக் கான்கிரீட் மேல் கொட்டை எழுத்தில் எழுதினாள். இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது:

ரெண்டு மணி கேட்டால் யாரும் இறங்க வேண்டாம். அது சாப்பாடு. உப்பு போட்டிருக்கிறது.